மிதவைப் பாதையா, மரக்கால் பாலமா: நந்திக்கடல் கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

முல்லைத்தீவிலுள்ள நந்திக்கடல் என்னும் களப்பின் (கடலோர உவர்நீர் ஏரியின்) கரையிலிருந்து வள்ளங்களைக் கட்டிவைக்கும் இடம்வரை சேற்றில் இறங்காமல் நடந்து செல்ல ஒரு பாதை வேண்டுமென்று எங்கள் மீனவர் சங்கம் தீர்மானித்தபோது, பனங்கால் நட்டுப் பலகை அடிப்பதா, பிளாஸ்டிக் பரல்களின் மேல் பலகை கட்டி மிதக்கவிடுவதா என்ற இரண்டு தெரிவுகளே இருந்தன. மிதவையைத் தேர்ந்தோம், என் சாய்வு இன்றும் அதன் பக்கமே.

மரக்கால் பாலம் மலிவு, நடக்கையில் ஆடாது. ஆனால் மாரியில் களப்பு நிரம்பி, கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டப்பட்டதும் வடிந்துவிடுவதால், ஒரே உயரத்தில் நிற்கும் பலகை சிலவேளை நீருக்குள் மூழ்கும், சிலவேளை வள்ளத்துக்கு எட்டாத உயரத்தில் நிற்கும். மிதவையோ, வழிகாட்டிக் கம்பங்களில் மாட்டிய வளையங்களோடு நீர்மட்டத்துக்கேற்ப ஏறி இறங்கும்.

இருப்பினும், தீர்ப்பைச் சொல்வது பராமரிப்புத்தான். உவர்நீரில் மரந்துளைக்கும் புழு உள்ளிருந்தே அரிப்பதால், வெளியே திடமாகத் தெரியும் கால் எப்போது முறியுமென்று கணிக்க இயலாது. மாற்றுவதென்றால் மேற்பலகையைக் கழற்றிச் சேற்றைத் தோண்டவேண்டும். மிதவையிலோ, 200 லீற்றர் பரல் முழுதாக அமிழ்ந்தால், அதன் சொந்த எடை போக, ஏறத்தாழ 200 கிலோ வரை தாங்கும். ஒன்று ஒழுகினால் அந்தப் பக்கம் சரிந்து தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொன்றையும் தனிக் கயிற்றில் கட்டியிருப்பதால், பழுதானதை மட்டும் அவிழ்த்துப் புதியதைச் செருகலாம். பொறியியலாளர் கட்டிய பெரும்பாலங்களுக்கும் பகை உட்புகும் நீரே: அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1940இல் திறக்கப்பட்ட கொங்கிறீற்று மிதவைப் பாலம், திருத்தவேலை நடந்துகொண்டிருந்த 1990 நவம்பரில், மிதவை அறைகளில் நீர் நிரம்பியதால் புயலின்போது மூழ்கியது. எனவே பரல்களின் வாய்களை மேல்நோக்கி வைத்து, மூடிகளை இறுக்கிப் பசையிட்டு, மாரிக்கு முன்னர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கவேண்டும்.

கடும் கோடையில் கரையோரப் பரல்கள் சேற்றில் அமர்ந்து சிப்பி ஓடுகளில் உராய்கின்றன என்பது இதன் குறை. பெரும்புயலை இது இன்னும் சந்திக்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஏற்றிப் பார்க்காததால் அதற்கு உறுதி கூறமாட்டேன். வாகனம் ஓடும் வீதிக்கு, 2011இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணத்தைப் பூநகரியோடு இணைக்கும் 288 மீற்றர் சங்குப்பிட்டிப் பாலம்போல நிலத்தில் ஊன்றியதே பொருத்தம். நாங்கள் மீன்பெட்டியும் வலையும் சுமந்து நடப்பவர்கள்.