கண்ணை உறுத்தாத வேலி, தினமும் உறுத்தும் கதவு

போன வாரம் வெல்டிங் பட்டறைக்காரர் மறுபடியும் வந்து எங்கள் வேலிக் கதவைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே சத்தியமங்கலத்திலிருந்து நாத்தனார் போன். "அண்ணி, உங்க வீட்டுப் பின்னாடி இருக்கற அந்தக் கறுப்பு வேலிதானுங்க எனக்கும் வேணும். பாப்பா ஓட ஆரம்பிச்சுட்டா." கதவு மேல் இருந்த கோபத்தில் அவளுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. யாருக்கு உதவுமோ, இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு கோபி பக்கம். கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்காலின் கிளை ஒன்று தோட்டத்தை ஒட்டி ஓடுகிறது. அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை நெல் வயல். அந்தப் பார்வைக்காகவே வாங்கிய மனை இது. மகள் நடக்கத் தொடங்கியதும் அதே வாய்க்கால்தான் வயிற்றைக் கலக்கியது. 2021-ல் உலகம் முழுக்க ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் கிட்டத்தட்ட கால்வாசி 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். தண்ணீருக்கும் குழந்தைக்கும் நடுவே தடுப்பு வையுங்கள் என்பது அந்த நிறுவனம் முதன்மையாகச் சொல்லும் வழிகளில் ஒன்று.

காம்பவுண்டு சுவர் வைத்தால் வயலும் போய்விடும், காற்றும் போய்விடும். மாமனார் கிளுவை வேலி போடலாம் என்றார். கொங்கு நாட்டுக்கே உரிய அழகான வேலிதான், மறுக்கவில்லை. ஆனால் அது அடர்ந்து வர வருடக்கணக்காகும், அதற்குள் குழந்தை பள்ளிக்கூடமே போய்விடுவாள். அடியில் சந்து விடும், முள்ளும் உண்டு. பச்சை நிழல்வலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, ஆடி மாதக் காற்றுக்கே அது தாங்காது.

கடைசியில் போட்டது 4 அடி உயரத்தில், கறுப்பு பிவிசி (பிளாஸ்டிக்) பூச்சுள்ள வெல்டு மெஷ், அதாவது குறுக்கும் நெடுக்குமாக வைத்து வெல்டு செய்த கம்பி வலை. வலையின் கண், அதாவது ஓட்டை, ஒரு இஞ்சு. கடைக்காரர் பச்சையைத்தான் எடுத்துக் காட்டினார், "செடியோட செடியா போயிருமுங்க" என்றார். போகாது. பிளாஸ்டிக் பச்சை எந்த இலையின் பச்சையோடும் சேருவதில்லை. பிளாஸ்டிக் பூச்சில்லாத ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியோ வெயில் பட்டதும் பளபளத்து, கண்ணை அங்கேயே நிறுத்திவிடும். கறுப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாமல் செடிகளின் நிழலோடு ஒன்றிவிடுகிறது. திண்ணையில் உட்கார்ந்தால் முதலில் வயல்தான் தெரியும், வேலியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மார்கழிக் காலையில் மட்டும் ஒவ்வொரு கண்ணிலும் பனித்துளி கோத்துக்கொண்டு முழு வேலியும் வெள்ளையாக எழுந்து நிற்கும். வெயில் ஏறியதும் மறுபடி காணாமல் போகும்.

நான் எதிர்பார்க்காத நன்மை ஒன்று உண்டு. சமையலறை ஜன்னலில் நின்றால் வேலி வழியாக வாய்க்கால் கரை வரைக்கும் பார்க்க முடிகிறது. தகரமோ தட்டியோ வைத்திருந்தால் குழந்தை எந்தப் பக்கம் இருக்கிறாள் என்றே தெரிந்திருக்காது. அதனால்தான் சங்குப்பூக் கொடியை அதில் படர விடவில்லை. கொடி முற்றினால் பார்வை மறையும், குழந்தைக்குப் பிடித்து ஏறவும் வாகாகிவிடும்.

வாங்கப் போகிறவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். வழக்கமான 2 இஞ்சு செயின் லிங்க், அதாவது வைர வடிவக் கண்ணுள்ள பின்னல் வலை, வேண்டாம், சின்னப் பாதம் அதில் படி மாதிரி உட்காரும். அமெரிக்காவில் நீச்சல் குள வேலிக்கான அரசு வழிகாட்டுதலே செயின் லிங்க் கண் சின்னதாக இருக்க வேண்டும் என்கிறது. அடுத்து, கேஜ், அதாவது கம்பியின் பருமனைச் சொல்லும் எண். எண் கூடக் கூடக் கம்பி மெலியும்: 10 கேஜ் சுமார் 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.64. பூச்சோடு சேர்த்து அளந்துவிட்டு 10 கேஜ் என்று சொல்லி விற்பார்கள். வெட்டு முனையில் பூச்சைச் சுரண்டி, உள்ளே இருக்கும் கம்பியை அளந்து காட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்தது சரியாகவே இருந்தது, அந்த வகையில் கடைக்காரர் நேர்மையானவர்.

இனி கதவு.

வலையும் கதவும் ஒரே ஆளிடம்தான் கொடுத்தோம். வலையை அவ்வளவு நேர்த்தியாக இழுத்துக் கட்டியவர் கதவை மாட்டுத் தொழுவத்துக்குச் செய்வது போலச் செய்து மாட்டினார். கொண்டி இரண்டரை அடி உயரத்தில், சரியாக என் மகளின் முகத்துக்கு நேரே. "குழந்தைக்கு எட்டுமே" என்றதற்கு, "அவ்வளவு பலம் ஏதுங்க பாப்பாவுக்கு" என்றார். தூக்கிவிட்டால் திறந்துகொள்ளும் கொண்டிக்கு பலம் எதற்கு? குழந்தைக்காகப் போடும் வேலியில் கொண்டி எங்கே இருக்க வேண்டும் என்று யோசிக்காதவர் வேறு எதைத்தான் யோசித்திருப்பார்? ஆஸ்திரேலியாவில் நீச்சல் குள வேலி 1.2 மீட்டர் என்றால் தாழ்ப்பாள் பொதுவாக 1.5 மீட்டரில் இருக்க வேண்டும். வேலியைவிடத் தாழ்ப்பாள் உயரம். அதற்காகக் கதவுத் தூணை மட்டும் நீட்டி விடுவார்கள். கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், தண்ணீர்ப் பக்கம் திறக்கவே கூடாது. குழந்தை சாய்ந்து தள்ளினாலும் அது சாத்தும் பக்கமாகத்தான் போகும்.

ஸ்பிரிங் கீல் கேட்டு வாங்கினோம். முதல் மழைக்காலம் வரை கதவு தானாக வந்து 'டக்'கென்று விழுந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்து மண் இளகியதும் கதவுத் தூண் ஒரு விரல்கடை சாய்ந்தது. அவ்வளவுதான். கதவு மூடியது போலவே வந்து நிற்கும், கொண்டி மட்டும் அதைப் பிடித்துக்கொள்ளும் நாதாங்கியில் விழாது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் சாத்தியிருப்பதாகவே தோன்றும். திறந்து கிடந்தால்கூட யாராவது பார்த்துச் சாத்துவார்கள், இதை யார் பார்ப்பது? கீலை மாற்றினார்கள், ஸ்பிரிங்கை முறுக்கினார்கள், நாதாங்கியை இறக்கி வெல்டு வைத்தார்கள். தூணுக்கடியில் ஒரு சட்டி கான்கிரீட் போட்டதோடு முடித்திருக்கிறார்களே, அதைத் தோண்டிப் பாருங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

கதவு தொய்யாமல் இருக்க நடுவில் குறுக்குக் கம்பி ஒன்றையும் வீட்டுப் பக்கமாக வைத்து வெல்டு செய்திருந்தார்கள். மகள் அதில் கால் வைத்து நின்றுகொண்டு எனக்குக் கையாட்டினாள். அதை மறுநாளே வாய்க்கால் பக்கம் மாற்ற வைத்தேன்.

வேலி கண்ணுக்குத் தெரியாததில் ஒரு கெடுதலும் இருக்கிறது. விருந்துக்கு வருகிறவர்களுக்கு அங்கே வேலி இருப்பதே மனதில் பதியாது. வயலைப் பார்க்கப் போவார்கள், திரும்பி வருவார்கள், கதவு என்று ஒன்று இருந்ததை மறந்திருப்பார்கள். அதனால் கதவுச் சட்டத்துக்கு மட்டும் மஞ்சள் பெயிண்ட் அடித்தோம். வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை, அழகைக் கெடுக்கிறதாம். கெடுக்கட்டும்.

வலையில் குறை என்றால் அடிப்பக்கம்தான். புல் வெட்டும் மெஷினின் நைலான் நரம்பு பட்டுப் பட்டுப் பூச்சு உரிந்து, உள்ளே துரு ஏறுகிறது. உரிந்த இடத்தில் துத்தநாக பெயிண்ட் தடவிக்கொண்டிருக்கிறேன். வேலியோரம் ஒரு சாண் அகலத்துக்குப் புல்லே இல்லாமல் ஜல்லி கொட்டிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது. மழையில் மண் அரித்து அடியில் பள்ளம் விழுகிறதா என்றும் பாருங்கள். 4 இஞ்சுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது.

வலை அருமை, நிறம் அருமை, வயல் அப்படியே இருக்கிறது. ஆனாலும் வாங்கலாமா என்று யாராவது இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கதவு பூட்டாத வேலி எவ்வளவு அழகாக இருந்து எனக்கென்ன? பட்டறைக்காரர் இந்த முறை தூணை எடுத்துவிட்டு இரண்டரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி கான்கிரீட் போட்டிருக்கிறார், கொண்டியை என் தோள் உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார். அடுத்த மழைக்கும் அது 'டக்'கென்று விழுந்தால் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். அதுவரை கொண்டிக்கு மேலே ஒரு பூட்டு தொங்குகிறது, சாவி என்னிடம்.