149 பவுண் 11 பென்ஸ்: லண்டன் காஸ்ட்ரோபப்பில ஞாயிற்றுக்கிழமைச் சுத்துமாத்து

ஆறு பேர், ஞாயிறு மத்தியானம், கிழக்கு லண்டனில ஒரு பப். பெயர் போடேல்லை. போட்டால் வக்கீல் கடிதம் வரும், அதுக்கு மறுமொழி எழுத இன்னும் காசு வேணும். தெரு மூலையில பழைய கட்டடம், மர மேசை, பட்டப்பகலில மெழுகுதிரி, ஒண்டுக்கொண்டு பொருந்தாத கதிரைகள், பாருக்கு மேல கரும்பலகையில சோக்கால எழுதின மெனு. அந்த வகைக் கடை. கூடுதலாப் பிடுங்கினது 149 பவுண் 11 பென்ஸ். சாப்பாடு நல்லா இருந்தது, அதுதான் இன்னும் விசர்.

காஸ்ட்ரோபப், அதாவது குடியோட நல்ல சாப்பாட்டுக்கும் பேர் எடுத்த பப், எண்ட சங்கதி 1991இல கிளார்கன்வெல் ஃபாரிங்டன் ரோட்டில ‘த ஈகிள்’ தொடங்கேக்க வந்தது. அண்டண்டைக்குச் சமைக்கிறதைக் கரும்பலகையில எழுதிப் போட்டவை. அங்க அதுக்கு ஒரு நியாயம் இருந்தது. பிறகு வந்த கனபேர் பலகையை மட்டும் பிடிச்சுக்கொண்டினம். பின்னேரம் அழிச்சால் என்ன விலை எழுதியிருந்தது எண்டதுக்குச் சாட்சி இல்லை.

பலகையில இருந்தது இதுதான்: எலும்போட மாட்டு விலா, பகிர்ந்து சாப்பிட, 100 கிராம் 9 பவுண். ஆறு பேரில மாடு சாப்பிடுறவை நாலு பேர். நாலு பேருக்கு எவ்வளவு காணும் எண்டு கேட்க, பரிமாறின பெடியன் இரண்டு கையையும் அகட்டிக் காட்டி, “ஒரு 800 கிராம் வடிவாக் காணும், நானே உள்ள போய் நல்ல துண்டாப் பாத்து எடுக்கிறன்” எண்டான். என்ன அக்கறை! விழுந்தது அந்த இடத்திலதான். 800 கிராம் எண்டால் 72 பவுண், ஆளுக்கு 18. எல்லாரும் தலையாட்டியாச்சு. பில்லில நிண்டது 1.25 கிலோ, 112 பவுண் 50.

இது ஏன் மேசையில பிடிபடாது எண்டால், நிறுக்கிறது பச்சை இறைச்சியை, எலும்பையும் சேர்த்து. நெருப்பில போட்டு எடுக்க ஐந்தில ஒரு பங்கு மட்டில குறைஞ்சிடும். பிறகு எலும்பைக் கழட்டி, விரல் மொத்தத்தில வெட்டி, மரப்பலகையில பரப்பிக் கொண்டு வருவினம். அதைப் பாத்து 800 ஆ 1250 ஆ எண்டு எந்தக் கசாப்புக்காரனும் சொல்லமாட்டான். ஒழுங்கான இடத்தில பச்சைத் துண்டைத் தட்டில வைச்சு மேசைக்குக் கொண்டு வந்து காட்டி, நிறையைச் சொல்லி, ஓம் எண்ட பிறகுதான் அடுப்புக்குப் போகும். அந்த ஒரு படிதான் இங்க இல்லை. ஒரு விலா எலும்புக்கு ஒரு துண்டு எண்டு வெட்டினால் பெரும்பாலும் 800 கிராமுக்கும் ஒரு கிலோவுக்கும் இடையில நிக்கும். அதுக்கு மேல போற மொத்தத் துண்டு ஞாயிறு பின்னேரம் மிஞ்சினால் கிச்சினுக்குத் தலையிடி, திங்கள் கனக்க இடங்களில அடுப்பு எரியாது. ஆர் நிறை கேக்காமல் ஓம் எண்டினமோ அவையின்ர மேசைக்கு அது போகும்.

வைன் நாலு கிளாஸ், 175 மில்லி எண்டு சொல்லித்தான் கேட்டது, ஒண்டு 8 பவுண் 50 விலை. இங்க சட்டப்படி கிளாஸ் வைன் 125 அல்லது 175 மில்லியில, இல்லாட்டி அதின்ர மடங்கில விக்கவேணும். அதால 250உம் சரியான அளவுதான். ஆனால் வந்த கிளாஸில 175 எண்டு கோடு போட்டிருக்கு, வைனும் அந்தக் கோட்டிலதான் நிண்டது. பில்லில நாலும் 250, ஒண்டு 11 பவுண் 50. கை தவறி அமத்தினது எண்டு பிறகு சொன்னவை. நாலு தரமும் ஒரே பக்கமாத் தவறுமோ?

அடுத்தது முற்பணம். முன்பதிவுச் செயலியில ஆளுக்கு 10 பவுண், மொத்தம் 60, “பில்லில கழிக்கப்படும்” எண்டு தெளிவா எழுத்தில இருக்கு. கழியேல்லை. காரணம் சின்னது: முன்பதிவுக் கணக்கும் கல்லாப்பெட்டிக் கணக்கும் தனித்தனி, ஆரோ ஒராள் கையால அந்த 60ஐப் பில்லில ஏத்தவேணும். முன்பதிவு செய்தது ஜன்னல் மேசை. போனவுடன “குளிரும், உள்ளுக்கு இருங்கோ” எண்டு அடுப்புப் பக்கம் மாத்தி இருத்திச்சினம். மேசை இலக்கம் மாறினதோட முற்பணம் பழைய மேசையோட நிண்டிட்டுது. அந்த உபசரிப்பின்ர விலை 60 பவுண்.

கடைசியாக் காட் மெஷின். பில் 267 பவுண், அதுக்கு மேல ஏற்கெனவே 12.5 வீதம் சேவைக் கட்டணம் 33.38, மொத்தம் 300.38. கேளாமல் கொண்டு வந்து வைச்ச பாண் 11 பவுணும் இதுக்குள்ளதான். திண்டாச்சு, அதை நட்டத்தில சேர்க்கேல்லை. பில்லை நாலா மடிச்சு ஒரு சின்னத் தட்டில வைச்சு, அதோடயே மெஷினையும் நீட்டி, “அடுத்த ஆக்கள் மேசைக்கு நிக்கினம், பச்சையை அமத்துங்கோ” எண்டினம். அந்தப் பச்சை இன்னுமொரு 10 வீத டிப்ஸுக்கான பச்சை. 30 பவுண் 4 பென்ஸ் போச்சு. பில்லை விரிச்சுப் பாத்தது ஓவர்கிரவுண்ட் ரயிலுக்குள்ள.

கணக்கைப் பாருங்கோ. இறைச்சி 40.50, வைன் 12, அந்த இரண்டுக்கும் மேல ஏறின சேவைக் கட்டணம் 6.57, இரண்டாம் டிப்ஸ் 30.04, முற்பணம் 60. கூட்டினால் 149 பவுண் 11.

இனி தட்டிக்கழிப்பு. ஞாயிறு இரவு போன் எடுத்தால் மெனேஜர் இல்லை. திங்கள் பூட்டு. செவ்வாய் ஈமெயிலுக்குத் தானியங்கி மறுமொழி, “உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்”. புதன் மெனேஜர் கதைச்சார்: இறைச்சி சமைக்க முதல் நிறுத்ததுதான், பலகையிலயும் அப்பிடித்தான் போட்டிருந்தது. நிறையைப் பற்றி ஆரும் ஒண்டும் வாக்குக் குடுக்கேல்லையாம். பெடியன்? “அவர் இப்ப லீவு.” சேவைக் கட்டணம் விருப்பத்துக்குரியது, வேண்டாம் எண்டு அப்பவே சொல்லியிருக்கலாமாம். அந்த 60ஐச் செயலிக்காரரிட்டக் கேக்கட்டாம். செயலிக்காரர் கடையிட்டக் கேக்கட்டாம், தாங்கள் வெறும் இடைத்தரகராம். வியாழன் ஒரு பெருந்தன்மை: 20 பவுண் வவுச்சர், திங்களிலயிருந்து புதன் வரை மட்டும், மதுவுக்குச் செல்லாது. திங்கள் பூட்டு எண்டு மேல சொன்னது ஞாபகமிருக்கோ? 149 பவுணுக்கு மேல எடுத்துப்போட்டு, 20 தாறம், அதுக்கும் திரும்ப வந்து சாப்பிடு எண்டால்?

பரிமாறின பிள்ளையளில கோவிச்சுப் பிரியோசனமில்லை எண்டும் சொல்லவேணும். 2024 ஒக்டோபர் 1இலயிருந்து டிப்ஸும் சேவைக் கட்டணமும் முழுசா வேலையாக்களுக்குப் போகவேணும் எண்டு சட்டம். அதாலதான் சேவைக் கட்டணத்தில, சரியான பில்லுக்கு வந்திருக்கவேண்டிய 26.81ஐத் திருப்பிக் கேக்கேல்லை.

எப்பிடித் தப்பிறது எண்டு ஆறுதலா விபரமா எழுதுவம் எண்டுதான் தொடங்கினது. இப்ப பொறுமையில்லை, ஓடி ஓடிச் சொல்லுறன். கரும்பலகையைப் போனில படமெடுங்கோ. நிறைக்கு விலை போட்டிருந்தால் பச்சைத் துண்டைக் காட்டச் சொல்லுங்கோ, இத்தனை பவுணுக்கு மேல வேண்டாம் எண்டு காசில சொல்லுங்கோ, கிராமில சொல்லாதேங்கோ. மேசை மாத்தினால் முற்பணத்தை உடன ஞாபகப்படுத்துங்கோ. பில்லில சேவைக் கட்டணம் இருந்தால் மெஷினில டிப்ஸ் வேண்டாம் எண்டதைத் தேடி அமத்துங்கோ, அது பெரும்பாலும் கீழ சின்ன எழுத்தில இருக்கும். தண்ணிப் போத்தல் வாங்காதேங்கோ, இங்கிலாந்தில அங்கயே இருந்து குடிக்க மது விக்கிற இடங்கள் குழாய்த் தண்ணி கேட்டால் சும்மா தரவேணும். பில்லை எறியாதேங்கோ.

டெபிட் காட்டில கட்டினது எண்டபடியால் பாங்கில சார்ஜ்பேக், அதாவது கட்டின காசைக் கடையிட்டயிருந்து திருப்பி எடுத்துத் தரச்சொல்லி, கேக்கலாம். சட்ட உரிமை இல்லை, காட் கம்பனியளின்ர விதி, அதுக்கும் நாள் கெடு இருக்கு. முற்பண உறுதி ஈமெயில், பில், கோடு போட்ட கிளாஸ் தெரியிற, அண்டைக்கு எடுத்த ஒரு பிறந்தநாள் படம், மூண்டும் கையில இருக்கு. படிவம் பாதி நிரப்பியாச்சு. “வியாபாரியோட பேசிப் பார்த்தீர்களா” எண்ட பெட்டிக்குள்ள 200 எழுத்துக்கு மேல விடுகுதில்லை.