மூன்று சக்கர ஸ்ட்ரோலர்: தினமும் தள்ள ஒன்று, ஓட ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து ஒன்று

குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலருக்கு மூன்று சக்கரம் இருந்தாலே அது தள்ளிக்கொண்டு ஓடுவதற்கான வண்டி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முன்னால் ஒற்றைச் சக்கரம், கொஞ்சம் தடித்த டயர், சாய்ந்த சட்டம். நிற்கும்போதே கிளம்பத் துடிக்கிற மாதிரி ஒரு தோரணை. வாங்கிய இரண்டாவது வாரம், ஒரு சின்ன இறக்கத்தில் தள்ளிக்கொண்டு ஓடினேன். பாதி இறங்குவதற்குள் முன்சக்கரம் இடமும் வலமுமாகப் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. அந்த நடுக்கம் ஹேண்டில் வழியாக முழங்கை வரை ஏறியது. உள்ளே உட்கார்ந்திருந்த மகனுக்கு ஒரே சிரிப்பு. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, உறையைப் பிரிக்காமலே போட்டு வைத்திருந்த கையேட்டை எடுத்துப் பார்த்தால், ஆரம்பத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது: இது ஓடுவதற்கோ ஸ்கேட்டிங்குக்கோ ஏற்றதல்ல.

வண்டி மேல் தப்பு இல்லை. ஐரோப்பாவில் குழந்தை வண்டிகளுக்கு இருக்கும் இஎன் 1888 என்கிற தரவிதியே அப்படி ஓர் எச்சரிக்கையை எழுதச் சொல்கிறது. படிக்காதவன் நான். கடையில் சக்கரத்தை எண்ணுவதை விட்டுவிட்டு, கையேட்டை வாங்கி அந்த ஒரு வரியைத் தேடியிருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

சக்கரம் ஏன் அப்படி ஆடியது? சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளினால் முன்சக்கரம் வெடவெடக்குமே, அதே கதைதான். நினைத்த பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்காக அந்தச் சக்கரத்தை ஒரு சுழல் மூட்டில் மாட்டியிருக்கிறார்கள். நடை வேகத்தில் அது வரம். வேகம் கூடியதும் ஒரு சின்னக் கல் தட்டினால் போதும், சக்கரம் ஒரு பக்கம் திரும்பி, நேராக வரப் பார்த்து, மறுபக்கம் தாண்டிப் போய், மறுபடி திரும்பி வந்து ஆடிக்கொண்டே இருக்கும். பெரிய சக்கரம் கல்லைச் சுலபமாக ஏறிக் கடக்கும். முன்னும் பின்னும் சக்கரங்களுக்கு நடுவே நீளம் கூடினால் வண்டி நேராக ஓடும். சுழல் மூட்டைப் பூட்டிவிட்டால் ஆட்டமே வராது. ஓட்டத்துக்கான வண்டியில் இந்த மூன்றும் இருக்கும். கையடக்கமான வண்டியில் இந்த மூன்றில்தான் கை வைப்பார்கள். சக்கரத்தைச் சிறிதாக்காமல், நீளத்தைக் குறைக்காமல் ஒரு வண்டியைச் சின்னதாக மடக்குவது எப்படி?

இதற்குப் பின்னால் இரண்டு குடும்பக் கதை இருக்கிறது. ஓவன் மெக்லாரன் என்று ஒரு பிரிட்டிஷ் விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்தவர். பேத்தியை வைத்துத் தள்ளும் கனத்த பிராமோடு மகள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, 1965-ல் அலுமினியக் குழாய்களால் குடை மாதிரி மடங்கும் ஒரு வண்டியை வடிவமைத்தார். எடை 3 கிலோவுக்கும் குறைவு. மடக்கு, தூக்கு, கிளம்பு என்பது அந்தக் குடும்பம். இன்னொரு பக்கம் ஃபில் பேக்லர் என்கிற அமெரிக்கப் பத்திரிகைக்காரர். ஓட்டப் பிரியர். கைக்குழந்தையை விட்டுவிட்டு ஓடப் போக மனமில்லாமல், ஒரு குழந்தை வண்டியில் சைக்கிள் சக்கரங்களை மாட்டி ஓடிப் பார்த்தார். 1984-ல் அதுவே பேபி ஜாகர் என்கிற நிறுவனமாயிற்று. அன்றாடத்துக்கும் ஜாகிங்குக்கும் ஒரே வண்டி கேட்கும்போது நாம் இந்த இரண்டு குடும்பத்துக்கும் சம்பந்தம் பேசுகிறோம். நடக்காத காரியம் இல்லை. ஆனால் இரு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் நடக்கும்.

சின்ன வண்டி: சிட்டி மினி ஜிடி2, தூலே ஸ்பிரிங்

வேடிக்கை என்னவென்றால், பேரிலேயே ஜாகர் வைத்திருக்கும் அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற மூன்று சக்கர வண்டியான சிட்டி மினி ஜிடி2 ஜாகிங்குக்கு இல்லை. நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது. இருக்கையின் நடுவில் உள்ள பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால் ஒரே இழுப்பில் மடங்கிவிடும். இடுப்பில் குழந்தை, ஒரு கையில் சாவி என்று நிற்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். எடை 10 கிலோவுக்குச் சற்று மேல். சக்கரங்கள் 8.5 அங்குலம். டயரில் காற்று கிடையாது, ஆகவே பஞ்சர் என்ற பேச்சே இல்லை. அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனும் உண்டு. மேடுபள்ளமான நடைபாதை, பூங்காவின் மண் பாதை, ஈரப்புல் எல்லாம் அதற்குச் சாதாரணம்.

கையால் போடும் பிரேக் ஒன்று அதில் இருக்கிறது. அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அது வண்டியை நிறுத்தி வைப்பதற்கு. இறக்கத்தில் வேகத்தைக் குறைப்பதற்கு அல்ல.

தூலே என்கிற நிறுவனத்தின் ஸ்பிரிங்கும் இதே வகைதான். தூலே என்றாலே ஓட்டம் என்று ஒரு பேர் இருப்பதால் இதையும் ஓட வைக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது நகரத்து நடைக்கான வண்டி.

இரண்டுக்குமான வண்டி

உண்மையான போட்டி இங்கேதான். தூலே அர்பன் கிளைடு 2, பாப் கியர் ரெவல்யூஷன் ஃப்ளெக்ஸ் 3.0, பேபி ஜாகர் சம்மிட் எக்ஸ்3. மூன்றிலும் பின்சக்கரம் 16 அங்குலம், முன்சக்கரம் 12 அங்குலத்தை ஒட்டி. மூன்றிலும் காற்றடைத்த டயர். முன்சக்கரத்தைச் சுழல விடலாம், பூட்டியும் வைக்கலாம். காகிதத்தில் பார்த்தால் மூன்றும் உடன்பிறப்புகள். கையில் பிடித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அர்பன் கிளைடு 2-ன் எடை 11.5 கிலோ. ஓட்ட வண்டிகளில் இது ஒல்லி. ஒரே கையால், ஒரே அசைவில் மடங்கும். ஹேண்டிலில் முறுக்கினால் பிடிக்கும் பிரேக் இருக்கிறது. பாப் ஃப்ளெக்ஸ் 13 கிலோவை ஒட்டி வரும். மடக்க இரண்டு படி. கைப் பிரேக் இல்லை. ஆனால் அதன் பின்பக்க சஸ்பென்ஷனைக் குழந்தையின் எடைக்கு ஏற்ப மாற்றி வைக்கலாம். கரடுமுரடான பாதையில் வண்டி குதிக்காமல் மிதந்து போகும். மண் பாதையில் ஓடுகிறவர்களுக்கு அது பொருந்துவதற்குக் காரணம் இதுதான். சமதளச் சாலையில் மட்டும் ஓடுகிறவருக்கு அந்த மிதப்பு வீண், கூடுதல் எடைதான் மிச்சம்.

சம்மிட் எக்ஸ்3-ல் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. முன்சக்கரத்தை ஹேண்டிலில் இருந்தபடியே பூட்டலாம். இது ஆடம்பரம் மாதிரி தெரியும். வீட்டு வாசலிலிருந்து பூங்கா வரை நடை, பூங்காவில் ஓட்டம், மறுபடி நடை என்று போகும்போது மற்ற வண்டிகளில் ஒவ்வொரு தடவையும் நின்று, முன்னால் போய், குனிந்து திருக வேண்டும். மூன்றாவது நாள் சோம்பல் வரும். நாலாவது நாள் பூட்டாமலே ஓடுவீர்கள். முதல் பத்தியில் நான் சொன்ன படபடப்பு அப்போது வந்து நிற்கும்.

கைப் பிரேக் தேவையா என்று பலரும் கேட்கிறார்கள். ஒரு கணக்குப் போடலாம். 11.5 கிலோ வண்டி, உள்ளே 12 கிலோ குழந்தை, கீழ்க்கூடையில் தண்ணீர் பாட்டிலும் துணியும். 25 கிலோவை நெருங்கிவிட்டது. ஏற்றத்தில் அது நம்மைத் தடுக்கும், இறக்கத்தில் இழுத்துக்கொண்டு போகும். நீங்கள் ஓடும் பாதை தட்டை என்றால், வண்டியையும் கையையும் பிணைக்கும் மணிக்கட்டுப் பட்டை போதும். இறக்கம் இருந்தால் பிரேக் இல்லாத வண்டியை நான் வாங்க மாட்டேன். பிரேக் இருந்தாலும் பட்டையை மாட்டாமல் ஓடுவதில்லை. கால் இடறினால் கை முதலில் ஹேண்டிலை விடும், அப்போது வண்டியைப் பிடித்து வைப்பது அந்த ஒரு முழம் நாடாதான்.

காற்று டயர் பற்றியும் ஒரு வார்த்தை. மென்மையாக ஓடும், ஆனால் அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பின்சக்கரங்களில் ஒன்றில் காற்று இறங்கினால்கூட வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். காற்று சரியாக இருந்தும் இழுத்தால், பூட்டிய முன்சக்கரம் நூல் பிடித்தது போல் நேராக இல்லை என்று பொருள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் பக்கத்தில் அதைச் சரிசெய்ய ஒரு திருகு இருக்கும். வண்டியை லேசாகத் தள்ளி, கையை விட்டுப் பத்தடி தூரம் நேராகப் போகிறதா என்று பாருங்கள். குழந்தையை இறக்கிவிட்டுத்தான்! பஞ்சர் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு அப்பாபேபி ரிட்ஜ் இருக்கிறது. பஞ்சராகாத டயர், டிஸ்க் பிரேக், ஓட்டத்துக்கென்றே செய்தது. ஆக, காற்றில்லாத டயர் என்றாலே ஓட்டத்துக்கு ஆகாது என்றும் சொல்ல முடியாது.

ஓட மட்டும்

தூலே கிளைடு 2 போன்ற வண்டிகளில் முன்சக்கரம் சுழலவே சுழலாது. முன்னால் 16 அங்குலம், பின்னால் 18 அங்குலம். இவ்வளவு பெரிய சக்கரங்களோடும் எடை 10 கிலோதான். நீண்ட நேர் பாதையில் ஒரு விரலால் தள்ளலாம் என்று தோன்றும். திரும்ப வேண்டுமானால் ஹேண்டிலை அமுக்கி முன்சக்கரத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும். கடையின் குறுகலான வரிசைக்குள்ளும் லிஃப்டுக்குள்ளும் இதைச் செய்து பார்த்தால் ஒரே நாளில் வெறுத்துவிடும். வீட்டில் ஏற்கெனவே ஒரு குடை மடிப்பு வண்டி இருந்து, வாரத்தில் நாலைந்து நாள் தூரமாக ஓடுகிறவர் என்றால் மட்டும் இதைப் பற்றி யோசிக்கலாம்.

எந்த வகையானாலும் குழந்தையின் வயது முக்கியம். 6 மாதம் ஆகும் வரை வண்டியில் வைத்து ஓடக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிவுரை. தூலேயும் 6 மாதம் என்கிறது, பாப் 8 மாதம் என்கிறது. தலையைத் தானாக உறுதியாக நிறுத்தும் கழுத்துப் பலம் வந்திருக்க வேண்டும். கார் சீட்டையோ தொட்டிலையோ வண்டி மேல் மாட்டும் வசதி இருந்தால் அது நடைக்கு மட்டும்தான்.

கடைக்குப் போகும்போது 10 கிலோ எடையுள்ள ஒரு பையைக் கொண்டுபோய் இருக்கையில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். வெறும் வண்டி எல்லாமே வெண்ணெய் மாதிரிதான் ஓடும். அப்புறம் ஹேண்டிலைப் பிடித்து நாலு எட்டு உண்மையாகவே ஓடுங்கள். ஆள் பார்ப்பார்கள், பரவாயில்லை. காலை வீசி ஓடும்போது கால் நுனி பின் அச்சில் இடித்தால் அது உங்களுக்கான வண்டி இல்லை. உயரமானவர்களுக்கு அநேகமாக இடிக்கும், அவர்கள் ஹேண்டில் உயரத்தை மாற்ற முடிகிற வண்டியைப் பார்க்கட்டும். வீட்டிலிருந்து கிளம்பும் முன் வாசலின் அகலத்தையும் கார் டிக்கியின் நீள அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மடக்கியும் டிக்கியில் அடங்காத வண்டிகளுக்குச் சக்கரத்தைக் கழற்றி வைப்பது ஒரு வழி. என் வண்டியின் முன்சக்கரம் பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்தான் கிடக்கிறது.

கழற்றும் சக்கரம் என்றதும் சொல்லிவிட வேண்டியது: பழைய வண்டி வாங்கினால் முன்சக்கரத்தின் லீவரை இறுக்கிவிட்டு, சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். சில பாப் வண்டிகளின் முன்சக்கரம் கழன்று விழுந்ததாக அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், அவற்றை விற்ற பிரைடாக்ஸ் நிறுவனத்தின் மீது 2018 பிப்ரவரியில் நடவடிக்கை எடுத்தது. சொன்னபடி பயன்படுத்தினால் ஆபத்தில்லை என்றது நிறுவனம். அந்த நவம்பரில் விவகாரம் சமரசமாக முடிந்தது. யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும், சரியாக இறுக்காத லீவர் எந்த வண்டியிலும் ஆபத்துதான்.

சரி, எதை வாங்குவது? இதை நான் அக்காவிடம் கேட்டேன். அவளும் அப்போது வண்டி தேடிக்கொண்டிருந்தாள்.

“வாரத்துல எத்தனை நாள் ஓடுற?”

“மூணு நாளாவது ஓடணும்னு இருக்கேன்க்கா.”

“ஓடணும்னு இருக்கிறதைக் கேக்கலடா. ஓடுறதைக் கேட்டேன்.”

கணக்குப் பார்த்தேன். அந்த மாதம் ஒன்பது நாள் ஓடியிருந்தேன். பெரிய வீரம் இல்லை என்றாலும் வாரத்துக்கு இரண்டு தடவை தேறியது. ஆகவே பூட்டக்கூடிய முன்சக்கரமும் கைப் பிரேக்கும் உள்ள வண்டிக்கு மாறினேன். ஒவ்வொரு நாளும் லிஃப்டில் அதை நுழைக்கும்போது ஒரு பெருமூச்சு வரும், அது ஓடுகிற நாட்களுக்கான வாடகை. வாரத்துக்கு ஒரு நாள்கூட நிச்சயமில்லை என்றால் அந்த வாடகையைக் கட்டாதீர்கள்.

அக்கா சின்ன வண்டியைத்தான் வாங்கினாள். மகள் தூங்கும் நேரத்தில் அத்தானை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, தனியாக ஓடப் போகிறாள். என்னைவிட வேகமாக ஓடுகிறாள் என்பது வேறு விஷயம்.