10 வருடம் தூங்கிய ஆர்எக்ஸ் 100: நாமே எழுப்புவதா, மெக்கானிக்கிடம் விடுவதா?

அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், பெங்களூரு அல்சூர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் 10 வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஓட வைக்க மூன்று வழி இருந்தது: நாமே ஸ்பேனர் பிடிப்பது, பழைய மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவது, இல்லை பெயின்ட் முதல் ஸ்டிக்கர் வரை புதுசாக்கித் தரும் ரெஸ்டோரேஷன் கடையில் விடுவது.

மூன்றாவதை முதலிலேயே கழித்துவிட்டேன். நண்பனின் வண்டி அப்படி ஒரு கடையில் 7 மாதம் கிடந்து பளபளவென்று திரும்பி வந்தது, ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை யாரும் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. 1996-ல் தயாரிப்பு நின்ற வண்டி இது. ஒரிஜினல் பாகத்தை உருவிக்கொண்டு டூப்ளிகேட் மாட்டினாலும் நமக்குத் தெரியப்போவதில்லை.

மிச்சம் இரண்டு. பெட்ரோல் பக்கத்து வேலையெல்லாம் நாமே செய்யலாம், சந்தேகமே வேண்டாம். பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டருக்குள் இருக்கும் பைலட் ஜெட்டை அடைத்திருக்கும், ஊசி முனையளவு ஓட்டைதான், பொறுமையாகக் கழுவி ஊத வேண்டும், இந்தப் பொறுமை நாளைக்குப் பத்து வண்டி பார்க்கிற மெக்கானிக்கிடம் இருக்காது. டேங்க் துருவுக்கு வினிகர் ஊற்றி இரண்டு நாள் வைத்து, சோடா மாவுத் தண்ணீரில் அலசி, உடனே காய வைத்தேன். காய வைக்கத் தாமதித்தால் மறுநாளே செம்மண் நிறம் திரும்பிவிடும். புது டேங்க் வாங்கலாமே என்று ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் சொன்னார்கள், ஓட்டை விழாதவரை பழசுதான் என் கட்சி. டயருக்கு மட்டும் இந்தப் பாசம் வேண்டாம், பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும்.

பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊற வைத்து, மறுநாள் கையாலேயே கிக்கரை மெதுவாக அழுத்திப் பார்த்தேன். பிஸ்டன் அசைந்தது. அப்புறம் எல்லாம் மாட்டி உதைத்ததில் ஏழாவது உதையில் ஸ்டார்ட்! தெருவே புகை.

அங்கேதான் ஏமாந்தேன். ஐடிலில் வண்டி தானாகவே ரேஸ் ஆனது, ஆக்சிலேட்டரை விட்டாலும் இறங்கவில்லை. மெக்கானிக் அண்ணன் சத்தத்தைக் கேட்டதுமே, "ஆஃப் பண்ணுங்க தம்பி, சீல் வழியா காத்து இழுக்குது" என்றார். இந்த வண்டி மாதிரி டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் கலவை, சிலிண்டருக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸ் என்ற பெட்டி வழியாகத்தான் மேலே போகிறது. வருடக்கணக்கில் சும்மா கிடந்து, அந்தப் பெட்டியில் காற்றுப் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் விறைத்துப்போனால் வெளிக்காற்றும் உள்ளே புகும், கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறையும், சூடேறி பிஸ்டன் சிலிண்டரில் சிக்கி சீஸ் ஆகும். அப்படியே ஓசூர் ரோட்டில் ஏறியிருந்தால் சிலிண்டரைக் கடையும் போர் வேலை வரை போயிருக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்ப்ளெண்டராக இருந்தால் இந்தத் தலைவலியே கிடையாது, ஆயில் மாற்றி, கார்புரேட்டர் கழுவி, முழுதாக வீட்டிலேயே முடித்திருப்பேன்.

கிளட்ச் பக்கத்து சீலை மாற்ற கிளட்சையும் பிரைமரி கியரையும் இறக்க வேண்டும், அதற்கான கருவி என்னிடம் இல்லை. அதனால் எஞ்சினை மட்டும் கழற்றி ஆட்டோவில் ஏற்றி அண்ணனிடம் கொடுத்தேன், வண்டியின் ஃபிரேமும் டேங்கும் வீட்டில். எஞ்சினுக்குத் தானாக ஆயில் விடும் பம்ப் மேல் நம்பிக்கை வரும்வரை, பெட்ரோலிலேயே கொஞ்சம் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) கலக்கச் சொல்லியிருக்கிறார்.

ஆர்சி (பதிவுச் சான்று) 2015-லேயே காலாவதி, அப்பா வண்டியை ஓரங்கட்டியதே அதனால்தான். அந்த ஆர்டிஓ வரிசை இனிமேல்தான்.