அகலமா, மேடா, மூடிய லோங்காங்கா? லிம் சூ காங் பக்கத்துச் சாலைகளுக்கு எது சரி

ஞாயிறு இரவு சிங்கப்பூரின் தேக்கா சந்தைப் பக்கம் காய்கறியும் தொலைபேசி அட்டையும் வாங்கிக்கொண்டு திரும்பும் பண்ணைத் தொழிலாளர்கள், தீவின் வடமேற்கே பண்ணைகள் உள்ள லிம் சூ காங் சாலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் கிளைச்சாலைக்குள் நடக்கத் தொடங்குவார்கள். நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் புல், மறுபக்கம் திறந்த லோங்காங், அதாவது சாலையோர வடிகால். சென்ற மழைக்காலத்தில் புதுக்கோட்டைக்காரத் தம்பி ஒருவருடன் நானும் அப்படி நடந்தேன். எதிரே விளக்கு தெரிந்ததும் அவர் என் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார். "லாரி போற வரைக்கும் நின்னுருங்கண்ணே, அவருக்கும் ஒதுங்க இடம் இல்ல" என்றார்.

அவர் லாரி ஓட்டுநரைத் திட்டவில்லை என்பதைக் கவனித்தேன். கணக்கைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். சாலை 6 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். லாரியின் அகலம் ஏறக்குறைய 2.5 மீட்டர். சைக்கிளைக் கடக்கும்போது 1.5 மீட்டர் இடைவெளி விடும்படி ஓட்டுநர்களுக்கு இங்கே அறிவுறுத்துகிறார்கள். நடப்பவருக்கும் அதே இடைவெளியை விட்டு, அவர் உடம்புக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல் ஒதுக்கினால், லாரி நடுக்கோட்டைத் தாண்டி ஒன்றரை மீட்டருக்கு மேல் போக வேண்டும். எதிரே இன்னொரு வண்டி வந்தால் முடியாது. ஓட்டுநரும் நடப்பவரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அந்த அகலத்துக்குள் இருவருக்கும் இடம் போதாது.

இதற்குத் தீர்வாக எல்லாரும் முதலில் சொல்வது சாலையை அகலப்படுத்துவதைத்தான். இரண்டு லாரிகள் நிம்மதியாகக் கடக்கலாம், ஓரத்தில் நடைபாதையும் போடலாம். ஆனால் இந்த வட்டாரத்தில் மரங்கள் சாலையை ஒட்டியே நிற்கின்றன. லிம் சூ காங் சாலையும் மண்டாய் சாலையும் 2001இல் மரபுச் சாலைகளாக அறிவிக்கப்பட்ட ஐந்தில் சேர்ந்தவை. அவற்றின் இருபுறமும் 10 மீட்டர் பசுமை ஓரத்தைக் காக்க வேண்டும். கிளைச்சாலைகளுக்கு அந்தக் காப்பு இல்லை, ஆனாலும் அங்கே நிழல் தரும் மரங்களை வெட்டிவிட்டு வெயிலில் நடைபாதை போட்டால் யார் நடப்பார்கள்? எனக்கு இன்னும் பெரிய கவலை வேகம். சாலை அகன்றால் ஓட்டுநரின் கால் தானாக அழுத்தும். நகருக்குள் முதியவர்களுக்காக 2014 முதல் அமைத்து வரும் சில்வர் ஸோன் பகுதிகளில் தடத்தைக் குறுக்கி, மெல்லிய வளைவு கொடுத்துத்தான் வண்டிகளை நிதானப்படுத்துகிறார்கள். அங்கே வேண்டுமென்றே குறுக்குகிறோம். இங்கே தானாகவே குறுகிக் கிடப்பதை ஏன் அகலப்படுத்த வேண்டும்?

அடுத்தது வேகமேடு. செலவு குறைவு, சீக்கிரம் போட்டுவிடலாம், நிச்சயம் வேகத்தைக் குறைக்கும். இருந்தாலும் இந்தச் சாலைகளுக்கு நான் வரிசையாக மேடு கேட்க மாட்டேன். லாரியின் பின்தளத்தில் தொழிலாளர்களை உட்கார வைத்து அழைத்துச் செல்வது இந்த ஊரில் இன்னும் நடக்கிறது. ஓட்டுநருக்கு லேசாகத் தெரியும் குலுக்கல், பின்னால் பலகையில் இருப்பவருக்கு முதுகெலும்பில் இறங்கும். யாரைக் காப்பாற்ற மேடு போடுகிறோமோ அவரையே அது தூக்கிப் போடும். பண்ணை வாசல், பேருந்து நிறுத்தம் போன்ற ஓரிரு இடங்களில் மட்டும், நீளமான தட்டை மேடாக இருந்தால் சரி.

வெறும் பலகை வைத்து வேக வரம்பைக் குறைப்பது போதுமா? போதாது. ஆனால் வரம்பு குறைவது அவசியம். 50 கிலோமீட்டர் வேகத்தில், பார்த்து உணர ஒரு நொடி பிடித்தால், உலர்ந்த சாலையில் வண்டி நிற்க ஏறக்குறைய 28 மீட்டர் வேண்டும். 30இல் சுமார் 13 மீட்டர், கிட்டத்தட்ட ஓர் ஒற்றைத்தளப் பேருந்தின் நீளம். வளைவுக்கு அப்பால் ஆள் நடந்து வந்தால் உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் அந்த 15 மீட்டருக்குள்தான். மழையில் இன்னும் மோசம். நடப்பவரும் வண்டியும் ஒரே இடத்தில் கலக்கும் சாலைகளுக்கு அதிகபட்சம் 30 என்று 2020ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனமும் சொல்கிறது.

டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் இன்னொரு முறை உண்டு. நடுக்கோட்டை அழித்துவிட்டு, வண்டிகளுக்கு நடுவில் ஒரே தடம் விட்டு, இருபுறமும் விட்டுவிட்டுக் கோடு போட்டு ஓரத்தை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் கொடுப்பார்கள். எதிரே வண்டி வந்தால் மட்டும் ஓரத்துக்கு ஒதுங்கலாம். வண்டி குறைவாகவும் பார்வை நீளமாகவும் உள்ள நேர்ச்சாலைக்கு நல்ல யோசனை. இதே வட்டாரத்து நியோ தியூ சாலையின் வளைவுகளில் எனக்கு நம்பிக்கை வரவில்லை, வெள்ளைக் கோடு லாரியைத் தடுக்காது. ஒருவழிச் சாலையாக்குவது பற்றியும் பேசுவார்கள். எதிரே வண்டி வராது என்ற தைரியத்தில் வேகம் கூடும், பண்ணைக்காரர் ஒவ்வொரு தடவையும் சுற்றிப் போக வேண்டும். வேண்டாம். குவியாடி வளைவில் உதவும், ஆனால் அதில் வண்டி உண்மையைவிடத் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். கூடுதலாக வைக்கலாம், அதை நம்பி இருக்கக் கூடாது.

நான் கேட்பது லோங்காங்கின் மேல் நடைபாதை. காங்கிரீட் வடிகால் ஏற்கெனவே இருக்கும் இடங்களில் அதன்மேல் கனமான பலகைகளும், இடையிடையே தூக்கித் திறக்கக்கூடிய இரும்புக் கம்பித் தட்டுகளும் போட்டால் போதும். மரம் போகாது, சாலை அகலாது, நடப்பவர் தார்ச்சாலையை விட்டு மேலே ஏறிவிடுவார். நகருக்குள் எத்தனையோ இடங்களில் நாம் நடப்பது மூடிய லோங்காங்கின் மேல்தான். மூடினால் உள்ளே கொசு பெருகுவது தெரியாது என்பது நியாயமான ஆட்சேபம். அதனால்தான் திறக்கும் தட்டு வேண்டும், துப்புரவும் ஒழுங்காக நடக்க வேண்டும். வெறும் மண்வாய்க்காலாக இருக்கும் இடங்களில் செலவு கூடும். அங்கே புல்லோரத்தைச் சமன்படுத்தி ஒன்றரை மீட்டருக்குச் சரளைப் பாதை போடலாம். இதோடு 30 வரம்பும், கிளைச்சாலையின் வாயிலில் தடத்தைக் குறுக்கும் தூண்களும் சேர்ந்தால் ஓட்டுநருக்கும் நிம்மதி. இருட்டில் திடீரென ஆள் முளைப்பாரோ என்ற பயம் அவருக்கும்தான் இருக்கிறது.

அதுவரை நடப்பவர்கள் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, அதாவது வலப்பக்கமாக நடப்பது நல்லது. இங்கே ஆண்டு முழுவதும் 7 மணியளவில் இருட்டிவிடும். ஒளி பிரதிபலிக்கும் மேலாடைகளை முதலாளிகள் வேலைக்கு மட்டும் தராமல், ஞாயிற்றுக்கிழமை வெளியே போகவும் கொடுக்கலாம்.

லிம் சூ காங்கில் 390 ஹெக்டேர் நிலத்தை நவீன வேளாண் வட்டாரமாக மாற்றும் திட்டத்தை 2020இலேயே அறிவித்தார்கள். புதுப் பண்ணைகள் வந்தால் லாரிகளும் கூடும், ஆட்களும் கூடுவார்கள். சாலைகளை மறுபடி வரையும்போது முதல் கோடு பேருந்து நிறுத்தத்திலிருந்து முதல் பண்ணை வாசல் வரை நடப்பவருக்காக இருக்கட்டும். அந்தத் தம்பியும் நானும் அன்று ஆறு முறை நின்று ஒதுங்கியது அந்தத் துண்டில்தான்.