ஸ்கூட்டருக்கு ‘பெர்ஃபார்மன்ஸ் சிப்’ வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

“பிக்கப்பும் கூடும், மைலேஜும் கூடும், மாட்டினால் போதும்” என்று சொல்லி என்னிடம் ஒரு சின்ன டப்பாவை விற்றார்கள். சொன்னது அத்தனையும் பொய். அடுத்தவர் காசும் போகக் கூடாது என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

என்னுடையது ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டி. இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, நடுவே இந்த டப்பாவை மாட்டச் சொன்னார்கள். மாட்டியும் பிக்கப்பில் எந்த வித்தியாசமும் இல்லை. கேட்டதற்கு, “இசியு கத்துக்க நாளாகும், ஓட்டிக்கிட்டே இருங்க” என்று பதில். (இசியு என்பது பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும், வண்டியின் குட்டிக் கணினி.) சரி என்று ஓட்டினேன். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே அளவுக்கு நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பார்த்தால் மைலேஜ் முன்பைவிடக் குறைந்திருந்தது. ஸ்பார்க் பிளக் கரி பிடித்துக் கறுத்திருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும், பிரித்த பொருளை வாங்க மாட்டோம் என்றார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

டப்பாவை உடைத்துப் பார்த்தேன். உள்ளே சிப் என்று எதுவுமே இல்லை. ஒரே ஒரு ரெசிஸ்டர் (மின்தடை தரும் சின்னப் பாகம்), அதை மூடிய பசை.

இது செய்யும் வேலை இதுதான்: காற்று குளிர்ந்தால் அந்த சென்சாரின் மின்தடை கூடும். ரெசிஸ்டரைச் சேர்த்தால், காற்று உண்மையில் இருப்பதைவிடக் குளிராக இருப்பதாக இசியு நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சும். சைலன்சர் பக்கம் ஆக்சிஜன் சென்சார் இருக்கும் வண்டியில், சீராக ஓடும்போது இசியு அந்தக் கூடுதலைக் கண்டுபிடித்துக் குறைத்துவிடும். ஆக, ஒன்று பெட்ரோல் வீணாகும், இல்லையென்றால் ஒன்றுமே நடக்காது. மைலேஜ் கூட வழியே கிடையாது.

பவர், மைலேஜ் இரண்டையும் சேர்த்து வாக்குக் கொடுக்கும்போதே உஷாராகிவிடுங்கள். பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்குக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். அதிக பவருக்குக் காற்று 13 பங்கை ஒட்டி இறங்க வேண்டும், சிக்கனத்துக்கு 14.7-ஐத் தாண்டிப் போக வேண்டும். ஒரு ரெசிஸ்டரால் இரண்டு பக்கமும் இழுக்க முடியாது.

ஓபிடி சாக்கெட்டில், அதாவது மெக்கானிக் கோளாறு பார்க்கும் கருவியை மாட்டும் இடத்தில், சொருகும் வகையும் விற்கிறார்கள். அவற்றில் பலவற்றுக்குள் விளக்கு மினுக்கும் சர்க்யூட் மட்டுமே இருப்பதைப் பிரித்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் அளவை இசியு தீர்மானிப்பதே இல்லை. அதற்கு விற்கப்படும் சிடிஐ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டி) முக்கியமாகத் தீப்பொறியின் நேரத்தைத்தான் மாற்றும். அதையும் அளவுக்கு மீறி முன்னால் தள்ளினால் இன்ஜின் தட்டும், பிஸ்டன் சேதமாகும்.

மைலேஜ் கூட்டுவதாகச் சொன்ன 100-க்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்திருக்கிறது. பலன் தந்தவை மிகச் சில, அதுவும் சொற்பம்.

உண்மையான டியூனிங் இல்லாமல் இல்லை. டைனோ எனும் பவர் அளக்கும் மேடையில் வண்டியை ஏற்றி, அளந்து பார்த்து இசியுவின் மேப்பையே, அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணையையே, மாற்றுவார்கள். ஆனால் வேறு பாகம் எதையும் மாற்றாத சின்ன ஸ்கூட்டரில் அதனால் கிடைப்பதும் கொஞ்சம்தான், வாரண்டியும் போகலாம்.

மைலேஜ் விழுந்திருந்தால் டயர் காற்று, ஏர் ஃபில்டர், வால்வ் கிளியரன்ஸ், வேரியேட்டர் ரோலர், பெல்ட் இவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். டப்பாவை ஏற்கெனவே மாட்டியிருந்தால் இன்றே கழற்றி, பழைய கனெக்டரை நேராக மாட்டுங்கள். பிளக்கையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.