அரசு ஓ.பி.யா, தனியார் கிளினிக்கா, உளவியலாளரா: முதல் மனநலச் சந்திப்புக்கு முன் ஓர் ஒப்பீடு

மனநல உதவி தேடி முதன்முறையாகப் புறப்படுகிறவருக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மூன்று வழிகள் உள்ளன: அரசு மருத்துவமனையின் மனநல வெளிநோயாளர் பிரிவு (ஓ.பி.), தனியார் மனநல மருத்துவரின் கிளினிக், மருத்துவ உளவியலாளரின் ஆலோசனை அறை. இவற்றில் எது சிறந்தது என்று கேட்பதைவிட, ஒவ்வோரிடத்திலும் நம் துயரத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் கிடைக்கும், யாரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று கேட்பதே பயனுள்ளது என்பது என் கருத்து. கையில் எதை எடுத்துப் போக வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

அரசு மருத்துவமனை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1794இல் தொடங்கப்பட்டுப் பின்னர் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்த மனநலக் காப்பகம்தான். அந்த ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கி நம் நகைச்சுவைக் காட்சிகள் செய்த கெடுதலால், அங்கும் ஒரு சாதாரண ஓ.பி. நடக்கிறது, சீட்டு வாங்கி மருத்துவரைப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலத் துறைகள் உள்ளன. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் சிறிய ஊர்களின் அரசு மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட கிழமைகளில் மனநல மருத்துவர் வருகிறார். அந்தக் கிழமையை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளாவிட்டால் ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் வீண்.

இந்த இரண்டுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. மருத்துவக் கல்லூரியில் புதிதாக வருபவரின் வரலாற்றைப் பட்டமேற்படிப்பு மருத்துவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்வார். பிறகு மூத்த மருத்துவர் பார்ப்பார். ஆகவே ஒரே கதையை இருமுறை சொல்ல வேண்டியிருக்கும். அது உங்களை நம்பாததால் அன்று. சிறிய மருத்துவமனையிலோ ஒரே மருத்துவர் நீண்ட வரிசையையும் பார்த்து முடிக்க வேண்டும் என்பதால், சில நிமிடங்களில் சொல்லி முடிக்கும்படி ஒரு பக்கக் குறிப்பு இல்லாமல் அங்கே போகக்கூடாது என்றே சொல்வேன். மாத்திரைகள் இலவசமாகக் கிடைப்பது, மாதக்கணக்கில் மருந்து உட்கொள்ள வேண்டிய குடும்பங்களுக்குச் சிறிய உதவியன்று.

தனியார் கிளினிக்கில் நேரம் முன்பே குறிக்கப்படுகிறது. மாலையில் வேலை முடித்துப் போகலாம். ஒவ்வொரு முறையும் அதே மருத்துவரைப் பார்க்கலாம். இதற்கு ஈடாகக் கட்டணமும் மருந்துக்கடைச் செலவும் நம் தலையில் விழுகின்றன. எனவே இங்கே செய்ய வேண்டிய தயாரிப்பில் பாதி, பணம் பற்றியதாகவே இருக்கும்: முதல் சந்திப்புக்கும் மறுசந்திப்புக்கும் கட்டணம் எவ்வளவு, மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் தொலைபேசியில் கேட்கலாமா என்பவற்றைப் பதிவு செய்யும்போதே கேட்பதில் கூச்சம் வேண்டாம். மருந்தின் வணிகப் பெயரோடு மூலப்பெயரையும் (ஜெனரிக் பெயர்) சீட்டில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கினால், கையில் பணம் குறையும்போது அதே மருந்தை அரசு மருத்துவமனையில் கேட்டுப் பார்க்க முடியும். நோயறிதலைத் தனியாரிடமும் தொடர் மருந்தை அரசிடமும் பெறும் குடும்பங்கள் நம்மிடையே குறைவல்ல.

உளவியலாளரிடம் போவதன் கணக்கே வேறு. அவர் மாத்திரை எழுத மாட்டார். ஏறத்தாழ முக்கால் மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ பேசுவதும் கேட்பதும் பயிற்சி தருவதுமே அவர் சிகிச்சை, அதுவும் பல வாரங்களுக்கு நீள்வது. ‘கவுன்சலிங்’ என்று பலகை மாட்டியவர்கள் எல்லாரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் அல்லர் என்பதால், மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே இங்கே முதல் தயாரிப்பு. இழப்பின் துயரம், மணவாழ்வின் உரசல், தேர்வு பயம் போன்றவற்றுக்கு இந்த வழியில் தொடங்கலாம். ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் போய்விட்டது, பிறர் கேட்காத குரல்கள் கேட்கின்றன, காரணமற்ற சந்தேகம் வலுக்கிறது என்ற நிலையில் மருத்துவரிடம் முதலில் போவதே சரி. பேச்சு சிகிச்சை பின்னால் சேர்ந்துகொள்ளட்டும்.

அந்த ஒரு பக்கக் குறிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ‘மனசு ஒரு மாதிரியா இருக்கு’ என்றோ ‘தலை பாரமா இருக்கு’ என்றோ தொடங்குவது நம் வழக்கம். அதில் தவறில்லை, ஆனால் அதோடு நின்றுவிட்டால் தலைவலி மாத்திரையோடு திரும்ப நேரலாம். எப்போது தொடங்கியது, தூக்கமும் பசியும் வேலையும் எப்படி மாறின என்பவற்றைத் தேதியோடு எழுதுங்கள். சித்த மருந்து, நாட்டு மருந்து, மது, புகையிலை எதையும் மறைக்காதீர்கள்; மந்திரித்ததையும், குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கியதையும் சொல்லலாம், அதற்காகக் கோபிக்கும் மருத்துவரைவிட, அப்போது நிறுத்திவிட்டுச் சொல்லாமல் விட்ட பழைய மாத்திரையே பெரிய ஆபத்து. தூக்கமே இல்லாமலும் களைப்பின்றி, அளவுக்கு மீறிய உற்சாகத்தோடும் செலவோடும் திரிந்த நாள்கள் முன்பு எப்போதாவது இருந்தனவா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். இப்படி உற்சாகமும் சோர்வும் மாறி மாறி எல்லை மீறும் இருதுருவ நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் நிலை எதிர்த்திசையில் எகிறக்கூடும். தைராய்டுக் குறைபாடும் மனச்சோர்வைப்போலவே தோன்றும் என்பதால் பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்கள் அதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் தாமே சொல்ல வேண்டும். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடியவை. மாத்திரைகளின் பெயர் நினைவில்லை என்றால் அட்டைகளையே ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் அதே தாளின் அடியில் எழுதலாம்; மருந்து எப்போது பலன் தரும் என்பது அவற்றில் ஒன்று. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்டப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். இது முன்பே தெரிந்தவர்கள், நான்காம் நாளே ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுவதில்லை.

சந்திப்பு நாள் தள்ளியிருந்தால், 14416 என்ற எண்ணில் இயங்கும் டெலி மானஸ் சேவையை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். மத்திய அரசு இதை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. அது கிளினிக்குக்கு மாற்று அன்று, இடைப்பட்ட நாள்களுக்கான துணை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்துவிட்டாலோ எந்தச் சந்திப்புக்கும் காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். அப்போது ஒருவர் உடனிருக்கட்டும்.

தனியாகப் போவதா, வீட்டாரோடு போவதா என்பது கடைசிக் கேள்வி. தூக்கத்தில் புலம்பியதையும் கோபத்தில் உடைத்ததையும் உடனிருப்பவரே துல்லியமாகச் சொல்வார். ஆனால் அவர் முன்னிலையில் சொல்ல முடியாதவையும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நோயாளியின் தகவல்களை இரகசியமாகக் காக்கும் உரிமையைத் தந்திருப்பதால், உறவினர் வெளியே காத்திருக்கும்படி கேட்பதில் குற்றவுணர்வு தேவையில்லை. நான் என் அத்தையுடன் போனபோது, டோக்கன் கொடுத்த செவிலியரிடமே ‘எனக்கு ஐந்து நிமிடம் டாக்டரோடு தனியாக வேண்டும்’ என்று அத்தை தாமே கேட்டுக்கொண்டார்; உள்ளே போனதும் மருத்துவரே என்னை வெளியில் உட்காரச் சொல்லிவிட்டார்.